ஏற்றத்துக்கான ஜெட்

பிளக் கருப்பாக இருந்தது. லேத்துக்காரர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். ஒட்டிய கரியைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

"பெட்ரோல் ஜாஸ்தியாப் போகுது. ஜெட்டை இன்னும் ஒரு சைஸ் குறைக்கணும்."

"நீங்க குறைக்கக் குறைக்க ஏத்தத்துல சத்தம் கூடிட்டே போகுது மாமா," என்றாள் அவர் மனைவியின் தங்கை. கார் அவளுடையது.

"என்ன சத்தம்?"

"எத்தனை தடவை சொல்றது? மூணாவது வளைவு தாண்டினதும் ஆரம்பிக்குது. டிக்கு டிக்கு டிக்குனு. கண்ணாடி டம்ளர்ல ஆணியப் போட்டு ஆட்டுற மாதிரி."

"நேத்து நானுந்தான் பின்னால உக்காந்து வந்தேன். இன்ஜின் என் முதுகுக்குப் பின்னாலதான் இருக்கு. எனக்குக் கேக்காதது முன்னால உக்காந்திருக்கிற உனக்குக் கேக்குதாக்கும்?"

"கேக்குது."

"உனக்கு பயம். பயந்தவளுக்கு எல்லாம் கேக்கும்."

காரின் பின்மூடி திறந்து கிடந்தது. டிக்கி இருக்க வேண்டிய இடத்தில் இன்ஜின் இருந்தது. அந்தக் காருக்கு ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் ஊற்றும் வேலையே இல்லை. ஒரு விசிறி அடிக்கிற காற்றுதான் இன்ஜினைக் குளிர வைக்கிறது. அவள் புருஷன் வாங்கிய கார். அவன் வேறொருத்தியோடு கிளம்பிப் போன அன்று அது ஸ்டார்ட் ஆகவில்லை, அதனால் விட்டுவிட்டுப் போனான். கார் அவளுக்குச் செய்த முதல் உபகாரம் அது. அதற்குப் பிறகு ஒழுங்காக ஓடுகிறது. மலையடியில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து கல்குவாரிக்கு ஆட்களை ஏற்றிப் போவாள், மாலையில் இறக்கிக் கொண்டுவருவாள். குவாரியில் எல்லாரும் அவளை டிரைவரம்மா என்பார்கள். அந்த ஓட்டத்தில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிகிறது.

கீழ்ப்பாறையில் கல் தீர்ந்ததும் வேலை மேல்பாறைக்கு மாறியது. மேல்பாறைக்கு வெட்டிய பாதை செங்குத்து. அஞ்சு வளைவு. பழைய இன்ஜின் அஞ்சு பேரை ஏற்றிக்கொண்டு பாதியில் நின்றது, ஆட்கள் இறங்கித் தள்ளினார்கள். நாள் முழுக்கக் கல் உடைக்க வேண்டியவன் காலையிலேயே கார் தள்ளி மூச்சு வாங்கினால் மேஸ்திரிக்குப் பிடிக்குமா?

"திங்கக்கிழமை நானே ஏறி வர்றேன்," என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். "நாலு பேரும் நானும். எங்கயும் நிக்காம மேல ஆபீஸ் வாசல் வரைக்கும் வந்துட்டா நீ ஓட்டு. நின்னா, வேன்காரன் ரெடியா இருக்கான். அப்புறம் என்கிட்ட அழக் கூடாது."

"நான் எப்ப அழுதேன்?"

"அழக் கூடாதுன்னு இப்பவே சொல்லி வெக்கிறேன்."

இழுவைக்காகத்தான் லேத்துக்காரர் இன்ஜினைப் பிரித்தார். பழைய இரும்புக் கடையில் பெரிய பிஸ்டன் செட் ஒன்று கிடைத்தது. அதற்கு ஏற்றபடி இன்ஜின் கூட்டின் வாயை லேத்தில் கடைந்து அகலப்படுத்தினார். காற்றில் பெட்ரோலைக் கலந்துவிடும் கார்புரேட்டர் ஒன்று இருந்த இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக ரெண்டு வைத்தார். வேலை சுத்தமான வேலை. ஆனால் அந்த பிஸ்டன் செட் போனால் இன்னொன்று கிடைக்காது. அந்தக் கடைக்காரனே எங்கிருந்து வந்ததென்று தெரியாமல்தான் எடைக்கு விற்றான்.

மிச்சம் இருந்தது ஜெட். கார்புரேட்டருக்குள் மாட்டுகிற, சட்டைப் பொத்தானைவிடச் சிறிய பித்தளைத் துண்டு, நடுவில் ஒரு துளை. இழுக்கும்போது இன்ஜின் குடிக்கிற பெட்ரோல் அந்தத் துளை வழியாகத்தான் போக வேண்டும். தலையில் எண் குத்தியிருக்கும். ஒரு மில்லிமீட்டரை நூறு கூறு போட்டால் துளை எத்தனை கூறு என்று அந்த எண் சொல்லும். துளை பெரிதானால் பெட்ரோல் கூடும், பிளக்கில் கரி பிடிக்கும், இழுவை மந்தமாகும். சிறிதானால் பெட்ரோல் பற்றாது, காற்று மிஞ்சும். இன்ஜின் கொஞ்ச நேரம் ஜோராக இழுத்துவிட்டு அப்புறம் சூடேறித் தளரும். அதற்கும் மேல் மிதித்தால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். தண்ணீர் சுற்றுகிற இன்ஜின் இந்தத் தப்பைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். இது பொறுக்காது.

எல்லா சைஸும் கடையில் கிடைப்பதில்லை. லேத்துக்காரர் பழைய ஜெட்டின் துளையை ஈயம் வைத்து அடைத்து, ஊசி மாதிரியான டிரில் பிட்டை விரலாலேயே உருட்டிப் புதுத் துளை போடுவார். பழைய எண்ணை அரத்தால் தேய்த்துவிட்டுப் புது எண்ணைக் கீறுவார். நூற்று முப்பதில் ஆரம்பித்தார். அஞ்சாவது வளைவில் கார் தளர்ந்து நின்றது. கீழே கொண்டுவந்து பிளக்கைக் கழற்றினால் கரி. பெட்ரோல் ஜாஸ்தி என்று நூற்று இருபத்தஞ்சு போட்டார். மறுபடி நின்றது, மறுபடி கரி. பிளக்கில் பொறி விழுகிற டைமிங்கைத் தள்ளிவைத்துப் பார்த்தார். பயனில்லை. இப்போது நூற்றிருபது.

"நாளைக்கு ஆளுங்களோட நானும் வர்றேன்," என்றார். "பொதுவுல கேட்டுடுவோம்."

மறுநாள் காலை பின்சீட்டில் நாலு பேர் ஒருவர் தொடைமேல் ஒருவர் தொடை போட்டு உட்கார்ந்தார்கள். அதில் லேத்துக்காரரும் ஒருவர். முன்னால் அவள் பக்கத்தில் ஜம்பர். பாறையில் துளை போடும் ஜம்பர் மிஷினைப் பிடிக்கிறவன் என்பதால் அந்தப் பெயர். அவன் சொந்தப் பெயர் சம்பளம் போடுகிற அன்று மட்டும் வெளியே வரும்.

மூணாவது வளைவு தாண்டியது. அவள் ஆக்ஸிலேட்டரை மிதித்தபடி கண்ணாடியில் பின்னால் பார்த்தாள்.

"இந்தா. இப்பக் கேக்குதா?"

எல்லாரும் தலையைச் சாய்த்தார்கள்.

"எனக்கு என் வயித்துச் சத்தந்தான் கேக்குது," என்றான் ஒருவன்.

"டிரைவரம்மா, வளையலக் கழட்டிட்டு ஓட்டிப் பாருங்க," என்றான் ஜம்பர். "அதுதான் டிக்கு டிக்குனும்."

"நான் வளையல் போட்டு நீ எப்படா பாத்தே?"

"அப்ப பல்லா இருக்கும். பயத்துல ஆடுது."

சிரிப்பு. லேத்துக்காரரும் சிரித்தார். "பத்துக் காது இருக்கு இங்க. ஒண்ணுலயும் விழல. போதுமா?"

அஞ்சாவது வளைவில் கார் இருமியது, குலுங்கியது, நின்றது. ஆட்கள் பழக்கப்பட்ட மாதிரி கதவைத் திறந்து இறங்கி நடந்தார்கள். போகிறபோது ஜம்பர் ஜன்னலில் தட்டி, "திங்கக்கிழமை மேஸ்திரியையும் இங்கதான் இறக்கி விடுவீங்களா?" என்றான். கேலியாகத்தான் சொன்னான். அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அன்று சாயங்காலம் பட்டறைக்கு வந்தபோது தெருவிலேயே அவளுக்கு ஒரு சீறல் கேட்டது. உள்ளே லேத்துக்காரர் காற்றுக் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு கார்புரேட்டரை ஊதிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். குழாயில், அவர் காதிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒரு வெடிப்பு. அதிலிருந்து காற்று சீறிக்கொண்டிருந்தது. அவர் அதற்கு அசையக்கூட இல்லை. அவள் போய் வால்வை மூடினாள்.

"ஏன் மூடினே?"

"காத்து போகுது."

"எங்க?"

"உங்க காதுகிட்ட."

அவர் குழாயைக் கீழே இறக்கி, வால்வைத் திறந்து, உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனார். கை அந்த இடத்துக்கு வந்ததும் நின்றது. "சின்ன வெடிப்பு."

"சின்னதா? தெரு முனையில கேக்குது."

அவர் குழாயைச் சுருட்டினார். அவள் போகவில்லை. காரின் மட்கார்டில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"மாமா, லேத் போடுறதுக்கு முன்னால நீங்க கல்லு அரைக்கிற கிரஷர்லதானே இருந்தீங்க?"

"ஆமா. அதுக்கென்ன?"

"ஜம்பர் பொழுதன்னைக்கும் மிஷினைக் கட்டிப் புடிச்சிட்டு நிக்கிறான். மத்தவனுங்க சம்மட்டி. என் கார்ல வந்த பத்துக் காதும் கல்லு உடையிற சத்தத்துல கெடந்த காது. மெல்லிசுச் சத்தம் உங்க ஒருத்தருக்கும் கேக்கல. எனக்குத்தான் கேக்குது, ஏன்னா நான் மேல போய் கல்லு உடைக்கல, ஆளை இறக்கிட்டு வந்துடுறேன்."

"நீ பேசுறது எனக்குக் கேக்குதுல்ல?"

"பேச்சு கேக்குது. லாரி கேக்குது. இது கேக்கல."

"என்னைச் செவிடுன்றே."

"கோவிச்சுக்காதீங்க. பிளக்கை எங்க கழட்டிப் பாக்குறீங்க? மேல போய், இறக்கம் முழுக்க ஆக்ஸிலேட்டரே தொடாம உருண்டு வந்து, இந்த வாசல்ல நிறுத்தினதுக்கு அப்புறம். சத்தம் வர்றது அங்க. அங்கயே கழட்டிப் பாருங்களேன்."

லேத்துக்காரர் ஸ்பானரை மேஜைமேல் வைத்தார். மரத்தூளில் கையைத் தேய்த்தார், ஒவ்வொரு விரலாக. "இன்ஜினை நீ கட்டினியா நான் கட்டினேனா? செவிடன் கட்டின இன்ஜின் உனக்கு எதுக்கு? வேற மெக்கானிக்கப் பாத்துக்கோ."

பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. இடையில் ஒரு கதவு. அவர் அதைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். பிரித்த கார்புரேட்டர் ரெண்டும் மேஜையில் கிடந்தன. வேற மெக்கானிக் என்று ஊரில் இருந்தவர் பஸ் கம்பெனியில் டீசல் பார்க்கிறவர். இந்தக் காரின் பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு ரேடியேட்டரை யாரோ திருடிவிட்டார்கள் என்று சொன்ன மனுஷன்.

அவள் கதவைத் திறந்துகொண்டு பின்னாலேயே போனாள்.

அக்கா தையல் மிஷினில் இருந்தாள். பெடலை மிதித்தபடி ரெண்டு பேர் சொன்னதையும் கேட்டாள். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னதால் ரெண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"இந்தாங்க. நான் காலையில உங்களை எத்தனை தடவை கூப்பிட்டேன்?"

"எப்ப?"

"அதான். கல்யாணமான புதுசுல நான் மெதுவாத்தான் பேசுவேன். இப்ப தெருவே ஓடி வர்ற மாதிரி கத்துறேன். ஏன்னு யோசிச்சீங்களா?"

"உன் குணம்னு நெனச்சேன்."

"நான் உங்க குணம்னு நெனச்சேன். இந்தத் தெருவுல எந்தப் புருஷனுக்குப் பொண்டாட்டி கூப்பிட்டது முதல் தடவையில கேட்டிருக்கு? இவரும் அப்படித்தான்னு விட்டுட்டேன்."

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். லேத்துக்காரர் சுவரைப் பார்த்தார்.

"கார் அவளோடது," என்றாள் அக்கா. "போகப் போறது அவ பொழப்பு. அவ சொல்ற இடத்துல நிறுத்திப் பாத்தா உங்க மீசை இறங்கிடுமா?"

"ஏத்தத்துல லோடோட நிறுத்தினா ஹேண்ட் பிரேக் புடிக்காது. பின்னால உருளும்."

"சக்கரத்துக்கு அண்டை குடுக்கக் கல்லு வேணும். அவ்வளவுதானே? கல்குவாரிக்குப் போற வழியில கல்லுக்கா பஞ்சம்?"

லேத்துக்காரர் எழுந்து பட்டறைக்குப் போய், பிரித்ததை மாட்ட ஆரம்பித்தார். நூற்றிருபது ஜெட்டையே மாட்டினார். கொழுந்தியாள் சொல்வது தப்பென்று காட்ட அதுவே போதும் என்பது அவர் கணக்கு. அவளிடம் ஸ்பானரை எடு என்று மட்டும் சொன்னார், அதையும் அக்கா வழியாகச் சொன்னார்.

சனிக்கிழமை காலை, முன்சீட்டில் அவர். பின்னால் ஜம்பரும் இன்னும் மூணு பேரும், மடியில் ஆளுக்கொரு கல்லோடு.

"கல்லு உடைக்கப் போறவன் கல்லைச் சுமந்துட்டே போறான்," என்றான் ஜம்பர். "இதுக்கு மேஸ்திரி தனிக் கூலி குடுப்பாரா?"

"சும்மா வாடா," என்றார் லேத்துக்காரர். அவளிடம் திரும்பினார். நேற்றிலிருந்து அவளிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. "சத்தம் நல்லா வந்ததும் சாவியத் திருப்பு. ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை முன்னாடியே எடுக்காத. சாவி, கிளட்ச், அப்புறம் பிரேக். இன்ஜின் சும்மா சுத்தவே கூடாது."

நாலாவது வளைவு தாண்டி அவள் சாவியைத் திருப்பினாள். கார் நின்றது, பின்னால் நழுவப் பார்த்தது. ஆட்கள் குதித்து இறங்கிச் சக்கரங்களுக்குக் கல் வைத்தார்கள். ஒருவன் தன் விரல்மேலேயே வைத்துக்கொண்டு அவன் அம்மாவைக் கூப்பிட்டான்.

லேத்துக்காரர் பின்மூடியைத் திறந்தார். சூடு முகத்தில் அடித்தது. மூணாம் சிலிண்டருக்கு எப்போதும் விசிறிக் காற்று குறைவாகத்தான் போகும், அதனால் அதன் பிளக்கைக் கழற்றினார். துணியைச் சுற்றிப் பிடித்தும் சுட்டது.

கரி இல்லை. பிளக் நுனியின் பீங்கான், சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. அதன்மேல் கடுகைவிடச் சின்னதாகச் சாம்பல் நிற மணிகள் ஒட்டியிருந்தன.

ஜம்பர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "அண்ணே, பளிச்சுனு இருக்கு. நல்லதுதானே?"

"நல்லதில்ல."

"அந்தப் புள்ளி புள்ளியா இருக்கே, அது?"

"பிஸ்டன்," என்றார். "உருகி வந்து ஒட்டியிருக்கு."

அவள் கிட்டே வந்து பார்த்தாள். பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் பாதையைப் பார்த்தாள். அவருக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. இறக்கத்தில் ஆக்ஸிலேட்டர் தொடாமல் வரும்போது இன்ஜினுக்குப் பெட்ரோல் கொடுப்பது மெயின் ஜெட் இல்லை, ஸ்லோ ஜெட். அதன் துளையை அவரே கொஞ்சம் தாராளமாகப் போட்டிருந்தார். வாசலில் பார்த்த கரியெல்லாம் அந்தக் கரி. அதைப் பார்த்து ஏற்றத்துக்கான ஜெட்டைக் குறைத்து, குறைத்து, இன்ஜினைப் பட்டினி போட்டுச் சுட்டிருக்கிறார். அவளுக்குக் கேட்ட டிக்கு டிக்கு, அது சுடுகிற சத்தம். கரி, இறங்கி வந்ததன் அடையாளம். ஏறினதன் அடையாளம் இது.

"திருப்பு," என்றார். "இவங்க நடக்கட்டும்."

"தினமும் அதைத்தானே பண்றோம்," என்றான் ஜம்பர். ஆனால் மெதுவாகச் சொன்னான்.

பட்டறையில் பிளக் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தார். மூணாம் பிஸ்டனின் தலை அம்மை வந்த முகம் மாதிரி குழி குழியாக இருந்தது. ஓட்டை இல்லை. கம்பியை விட்டுத் தடவிப் பார்த்தார். இல்லை.

"தாங்குமா மாமா?"

"இனிமே சுடாம இருந்தா தாங்கும்."

"சுட்டா?"

"சுட்டா அதுதான் கடைசி."

தப்பு என்னுடையது என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அன்று பகல் முழுக்க ஜெட் போட்டார். ஸ்லோ ஜெட்டின் துளையைச் சிறிதாக்கினார். மெயின் ஜெட்டில் ஜோடி ஜோடியாகப் பல சைஸ் போட்டு ஒரு மிட்டாய் டப்பாவில் அடுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை குவாரிக்கு லீவு. ஆட்களுக்குப் பதில் காரில் ஜல்லி மூட்டைகளை ஏற்றினார்கள்.

"இதுங்க பரவாயில்ல," என்றாள் அவள். "கேலி பண்ணாது."

ஒவ்வொரு ஜோடியாக மாட்டி ஏறினார்கள். அவர் சாலையைப் பார்க்கவில்லை, அவள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இருக்கா?"

"இருக்கு."

இறங்கி, மாற்றி, மறுபடி.

"இப்ப?"

"இருக்கு. ஆனா நாலாவதுலதான் வருது."

நூற்று முப்பத்தஞ்சில் சத்தம் அஞ்சாவது வளைவுக்குத் தள்ளிப்போனது. நூற்று முப்பத்தேழில் இல்லை. நூற்று நாற்பதிலும் இல்லை. ஆனால் நாற்பதில் அஞ்சாவது வளைவில் இன்ஜின் திணறியது, புகைத்தது, நின்றுவிடும் என்று தோன்றியபோது எப்படியோ ஏறியது. ஒவ்வொரு தடவையும் அவர் மேலே நிறுத்தச் சொல்லி பிளக்கைக் கழற்றினார். முப்பத்தேழில் பிளக் காய்ந்த பனை ஓலை நிறம். நாற்பதில் அதைவிடக் கருப்பு.

"நூத்தி நாப்பதைப் போட்டுடுறேன்," என்றார்.

"அது இழுக்க மாட்டேங்குது."

"இழுக்குது, மெதுவா இழுக்குது. பிஸ்டன் ஏற்கெனவே அடி வாங்கினது. பெட்ரோல் கொஞ்சம் கூடினா குளிர்ச்சி. எரிஞ்சா வேற செட்டுக்கு நான் எங்க போவேன்?"

"நாளைக்கு அஞ்சாவதுல நின்னா?"

"நிக்காது."

"மேஸ்திரி எத்தனை மூட்டைன்னு நெனைக்கிறீங்க? நாம ஒரு மூட்டைதான் முன்னால வெச்சோம். அந்த ஆளு உக்காந்தா சீட்டு ஸ்பிரிங் திரும்பி வர்றதுக்கே சாயங்காலம் ஆகும்."

அவர் டப்பாவைத் திறந்து ரெண்டு ஜோடியையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. "முப்பத்தேழு போட்டு, நாளைக்கு லோடு கூடி, மறுபடி அது வந்துச்சுன்னா?"

"எனக்குக் கேக்கும்."

"கேட்டு?"

"காலை எடுப்பேன்."

"எடுத்தா நின்னுடும்டி."

"மாமா, நீங்க எதைப் போட்டாலும் நிக்கிறதுக்கு ஒரு வழி இருக்கு. எனக்குக் கேக்குற வழியப் போடுங்க."

அவர் முப்பத்தேழைப் போட்டார்.

திங்கட்கிழமை மேஸ்திரி முன்சீட்டில் ஏறியதும் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பின்னால் ஜம்பரோடு நாலு பேர். லேத்துக்காரருக்கு இடமில்லை. மலையடியில் நின்று கார் முதல் வளைவில் மறையும்வரை பார்த்துவிட்டுப் பட்டறைக்குத் திரும்பினார்.

மேஸ்திரி வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். அவர் மச்சினனுக்குக் குடல்வால் ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்கவில்லை. முதல் வளைவு, ரெண்டாவது. மூணாவதில் அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். ஒன்றுமில்லை. நாலாவது. ஒன்றுமில்லை. இன்ஜின் ஒரே சீராக உறுமியது. ஜம்பர் பின்னாலிருந்து, "நடக்காம இங்க வந்ததே இல்ல, வழி புதுசா இருக்கு," என்றான்.

அஞ்சாவது வளைவின் உட்பக்கம் பாதை மிகவும் செங்குத்து. அங்கே அவள் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தாள்.

டிக்கு.

கொஞ்சம் விட்டு, டிக்கு டிக்கு.

காரில் இருந்த வேறு யார் முகமும் மாறவில்லை. மேஸ்திரி கட்டில் விஷயத்திலேயே இருந்தார். மிதித்துக்கொண்டே போனால் இன்னும் ஒரு கூப்பிடு தூரம். வளைவு முடிந்ததும் ஆபீஸ் கேட் தெரியும். சத்தம் மெல்லிசுதான். இந்தத் தூரத்துக்குத் தாங்கினாலும் தாங்கும். தாங்காவிட்டால் ஆபீஸ் வாசலில் மேஸ்திரி சரி என்று சொல்லுவார், அவளிடம் இன்ஜின் இருக்காது.

அவள் பாதியளவு காலை எடுத்தாள். வேகம் சட்டென்று விழுந்தது. கார் குலுங்க ஆரம்பிப்பதற்குள் முதல் கியருக்குத் தட்டினாள். கியர் நறநறவென்று கத்தியது. அது எல்லாருக்கும் கேட்டது. மேஸ்திரி பேச்சை நிறுத்தினார்.

"நிக்குதா?"

"நிக்கல."

கார் ஊர்ந்தது. ஜல்லி சுமந்த கழுதை ஒன்று அந்த நேரம் கூட வந்திருந்தால் முந்திப் போயிருக்கும். ஜம்பர் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு தன் உடம்பை முன்னால் தள்ளினான், அதனால் ஏதோ ஆகும் என்பதுபோல. அவள் ஆக்ஸிலேட்டரைக் காலின் பெருவிரலால் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் நின்றிருந்தது. கேட் தெரிந்தது. கேட் மெதுவாகப் பெரிதானது.

ஆபீஸ் வாசலில் மேஸ்திரி இறங்கினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கடைசியில என்ன, பொணம் தூக்கிட்டுப் போற மாதிரி வர்றே?"

"நிக்காம வரணும்னுதானே சொன்னீங்க. வேகமா வரச் சொல்லலியே."

"வாய் இருக்கு உனக்கு." அவர் காரின் பின்பக்கம் போய் மூடியைத் தட்டினார். "ஆனா இன்ஜின் நல்லா இருக்கு. ஒரு சத்தம் இல்ல. சரி, நாளையில இருந்து நீயே வா."

ஜம்பர் கையை உயரத் தூக்கிக் கூவினான். அவள் காரைத் திருப்பி, இன்ஜின் ஆறட்டும் என்று நிழலில் நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

சாயங்காலம் பட்டறையில் அக்காதான் முதலில் கேட்டாள். ஏறிவிட்டது என்றதும், "அப்பாடா, இனி இந்த வீட்ல சாப்பாட்டு நேரத்துல ஜெட்டைப் பத்திப் பேசாம இருப்பீங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

லேத்துக்காரர் மூணாம் பிளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். "வந்துச்சா?"

"அஞ்சாவதுல. கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"கொஞ்சந்தான். மெல்லிசா."

"அப்படிச் சொன்னா நான் எவ்வளவு துளை போடுறது? எத்தனை வேகமா வந்துச்சு, விட்டு விட்டா, சேந்தாப்லயா?"

அவள் ஆள்காட்டி விரல் நகத்தால் மேஜைத் தகரத்தில் தட்டிக் காட்டினாள். அவர் அவள் விரலைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். கேட்கவில்லை என்று சொல்லவில்லை. கையில் இருந்த துணியைப் போட்டுவிட்டு, முன்கையை மேஜைமேல் நீட்டி வைத்தார்.

"இதுல தட்டு."

அவள் தட்டினாள். ஒரு தடவை. விட்டு, ரெண்டு தடவை. பிறகு காலை எடுத்தேன் என்றாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"சனிக்கிழமை எப்படி இருந்துச்சு?"

அவள் நகத்தை அவர் தோலில் கடகடவென்று ஓடவிட்டாள். நிறுத்தாமல் ஓடவிட்டாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. முடிந்ததும் அந்த இடத்தைத் தேய்த்துவிட்டார்.

"ஒரு கூறு ஏத்துறேன்," என்றார். "நூத்தி முப்பத்தெட்டு. மூச்சு முட்டினா சொல்லு."

அடைத்த ஜெட் ஒன்றைப் பிடியில் இறுக்கி, பிட்டை விரலுக்கிடையில் வைத்து உருட்ட ஆரம்பித்தார். பித்தளைத் தூள் மேஜையில் மெதுவாக உதிர்ந்தது.